பிறந்த இடம் எதுன்னு சட்டம் ஏன் கேட்குது? மகனோட பேச்சுப் போட்டிக்கு விவரம் வேணும்

தையல்கடை, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். படிவம் 4 படிக்கிற என் மகனுக்கு வர்ற வெள்ளிக்கிழமை பேச்சுப் போட்டி. "வெளிநாட்டில் பிறந்தவர், வெளிநாட்டுக் குடியுரிமை வைத்திருந்தவர் ஒரு நாட்டின் அதிபராகலாமா?" இதுதான் தலைப்பு. அவனுக்கு விழுந்தது 'ஆகலாம்' கட்சி. ரெண்டு நாளா போனைத் தட்டி, அர்னால்ட், ஒபாமான்னு ரெண்டு பேரைப் பிடிச்சு வச்சிருக்கான். "ஒபாமா கென்யாவில் பிறந்தவர்"னு எழுதியும் வச்சிருந்தான். அது பொய்னு எனக்கே தெரியும். நடுவர் ஒரு கேள்வி கேட்டா பிள்ளை மேடையில நின்னு முழிப்பானேன்னு பயந்துதான் இங்க வந்தேன்.

எந்த நாட்டுல சட்டம் என்ன சொல்லுது, யாரு அதுல தடுக்கி விழுந்தாங்க, யாரு தாண்டிப் போனாங்க, அதெல்லாம் வருஷத்தோட வேணும். நம்ம மலேசியாவுல பிரதமருக்கு இப்படி ஒரு விதி இருக்கான்னும் யாராவது சொல்லுங்க.

இந்தத் தலைப்பு எனக்கு வெறும் போட்டித் தலைப்பு இல்ல. அவன் படிச்சுக் காட்டுனதும் அம்மாயி ஞாபகம்தான் வந்துச்சு. எங்கம்மாவோட அம்மா. 1943ல, ஜப்பான்காரன் காலத்துல, இங்கேருந்து ஆறு மைல் உள்ள இருக்குற கித்தா, அதாவது ரப்பர் தோட்டத்துல, லயம்னு சொல்ற வரிசை வீட்டுல, மருத்துவச்சி கையில பிறந்தவங்க. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் அவங்க அப்பாவை சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில ஏத்திட்டுப் போயிருக்காங்க. மனுஷன் திரும்பி வரவேயில்ல. பிள்ளை பிறந்ததைப் போய்ப் பதிய வீட்டுல ஆளில்ல. பத்திரம் இல்லாமலே வளர்ந்து, பதினாலு வயசுல பால் வெட்டப் போய், அதே தோட்டத்துல காலம் பூரா வெட்டுனாங்க. கையில இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குற அடையாள அட்டை. எங்கம்மா அதே லயத்துல 1961ல பிறந்தாங்க, அவங்களுக்குக் குடிமக்களோட நீல ஐசி. தாய்க்கு ஒரு நிறம், மகளுக்கு ஒரு நிறம்.

1996ல, நான் இடைநிலைப்பள்ளி முடிச்ச வருஷம், குடியுரிமைக்கு எழுதிப் போட அவங்களை ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ரேகை எடுக்க விரல்ல மை தடவுனாங்க. நாப்பது வருஷமா பால்லயும் ஆசிட்லயும் ஊறுன விரல். கோடே விழல. மூணு தடவை தாளை மாத்துனாங்க. அம்மாயி ஒவ்வொரு தடவையும் விரலைச் சேலை முந்தானையில தேய்ச்சுத் தேய்ச்சு மறுபடி நீட்டுனாங்க, என்னமோ தப்பு பண்ணிட்ட மாதிரி. அப்புறம் பிறப்புப் பத்திரம் கேட்டாங்க, இல்ல. தோட்டத்துக் கடிதம் கேட்டாங்க. தோட்டம் கை மாறி, கித்தாவை அழிச்சு செம்பனை நட்டுட்டாங்க, பழைய ஏடு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. அதோட அந்த மனு கிடப்புல போச்சு.

2008 மார்ச் 8 எங்க ஊருக்காரங்க யாருக்கும் மறக்காது. 1974லேருந்து சாமிவேலு கையில இருந்த தொகுதி அன்னிக்குத்தான் டாக்டர் ஜெயகுமார் கைக்குப் போச்சு. நானும் அம்மாவும் பள்ளிக்கூடத்துல வரிசையில நின்னோம். அம்மாயி வெளிய மரத்தடியில எங்க செருப்புப் பையையும் குடையையும் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எங்க மூணு பேருலயும் இந்த மண்ணுல ரொம்ப நாள் வேலை செஞ்சவங்க அவங்கதான். அடுத்த வருஷம் தவறிட்டாங்க, அப்பவும் சிவப்பு ஐசிதான்.

அதனால மகன் சும்மா பேர் பட்டியல் வாசிச்சுட்டு வந்தா எனக்கு மனசு ஆறாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய கிராணி, தாப்பா

அம்மா, வணக்கம். முப்பது வருடம் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பத்திரம் இல்லாமல் வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாயி விரலைத் துடைத்துத் துடைத்து நீட்டியதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

முதலில் அமெரிக்கா. அந்த நாட்டு அரசமைப்பில் அதிபருக்கு மூன்று நிபந்தனைகள்தான். பிறப்பாலேயே குடிமகனாக இருக்க வேண்டும், வயது 35 நிரம்ப வேண்டும், நாட்டில் 14 ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும். முதல் நிபந்தனை எப்படி வந்தது என்று உங்கள் மகன் சொன்னால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார். 1787ல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தபோது ஜான் ஜே என்பவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் போட்டார். படைக்குத் தலைமை தாங்கும் பதவி பிறப்பால் குடிமகனாக இல்லாதவர் கைக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஐரோப்பிய அரச குடும்பத்து ஆள் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவாரோ என்ற அச்சம் அந்தக் காலத்தில் இருந்தது. அதே சட்டத்தில், 'இச்சட்டம் ஏற்கப்படும் நேரத்தில் குடிமகனாக இருப்பவரும் வரலாம்' என்று தங்கள் தலைமுறைக்கு ஒரு வழியும் வைத்துக்கொண்டார்கள். வைக்காமல் முடியாது, ஏனென்றால் அவர்கள் எல்லோரும் பிறக்கும்போது பிரிட்டிஷ் மன்னரின் குடிகள். மேற்கிந்தியத் தீவில் பிறந்த அலெக்சாண்டர் ஹாமில்டன்கூட அந்த வழியில் தகுதி பெற்றவர்தான்.

அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் 1947ல் ஆஸ்திரியாவில் தால் என்ற ஊரில் பிறந்தவர், 1983ல் அமெரிக்கக் குடிமகன் ஆனவர். 2003லிருந்து 2011 வரை கலிபோர்னியாவின் ஆளுநர். அவ்வளவு பெரிய மாநிலத்தை ஆளலாம், அதிபர் தேர்தலில் நிற்கக்கூடாது. 2003ல் ஆரின் ஹேட்ச் என்ற செனட்டர், 20 ஆண்டு குடிமக்களாக இருந்தவர்களுக்கு வழி விடலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

ஒபாமாவைப் பற்றி எழுதியதை உடனே அடித்துவிடச் சொல்லுங்கள். அவர் 1961 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஹவாயில் ஹொனலுலுவில் பிறந்தவர். புரளி அடங்காததால், அதிபராக இருக்கும்போதே 2011 ஏப்ரலில் முழுப் பிறப்புப் பத்திரத்தை வெளியிட்டார். கமலா ஹாரிஸும் அப்படித்தான். தாயார் சியாமளா கோபாலன் தமிழ்நாட்டுக் குடும்பம், பூர்வீகம் மன்னார்குடி அருகே துளசேந்திரபுரம். ஆனால் கமலா பிறந்தது 1964ல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில். அதனால் சட்டத்தில் அவருக்குச் சிக்கலே கிடையாது.

சிக்கல் வேறு இருவருக்கு வந்தது. ஜான் மெக்கெய்ன் 1936ல் பனாமா கால்வாய்ப் பகுதியில், தகப்பனார் கடற்படை வேலையில் இருந்த இடத்தில் பிறந்தவர். 2008ல் செனட் சபை, இவர் பிறப்பால் குடிமகனே என்று ஒரு தீர்மானம் போட்டது. டெட் குரூஸ் 1970ல் கனடாவின் கல்கரியில் பிறந்தவர், தாய் அமெரிக்கர். 2014ல் கனடாக் குடியுரிமையைத் துறந்துவிட்டு 2016 தேர்தலுக்கு வந்தார். 'பிறப்பால்' என்ற அந்தச் சொல்லுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதுவரை இறுதியான விளக்கம் கொடுத்ததில்லை. 1787ல் எழுதிய சொல், இன்னும் அப்படியே கிடக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நினைவில் இருந்து சொல்லித் தவறாகிவிடக்கூடாது.

பத்து காஜா பேராண்டி

சோனியா காந்தியையும் சேர்த்துக்கச் சொல்லுங்க அக்கா. 1946ல இத்தாலியில பிறந்தவங்க, 1983ல இந்தியக் குடிமகள். இந்தியாவுல பிரதமருக்கோ குடியரசுத் தலைவருக்கோ இங்கதான் பிறந்திருக்கணும்னு விதி இல்ல. குடிமகனா இருக்கணும், குடியரசுத் தலைவருக்கு 35 வயசு ஆகியிருக்கணும். ஆனாலும் 1999ல அவங்க பிறப்பைச் சொல்லித்தான் சரத் பவார், சங்மா, தாரிக் அன்வர் மூணு பேரும் எதிர்த்தாங்க, அவங்களைக் கட்சியை விட்டே நீக்கிட்டாங்க. 2004ல ஜெயிச்சும் அவங்க பிரதமர் ஆகல, மன்மோகன் சிங்தான் ஆனார். சட்டம் விட்டாலும் ஊரு விடுமா பாருங்க.

ஹட்டன்காரன், இப்ப கிள்ளான்

நான் மறுகட்சி பேசப் போறேன், அக்கா கோவிச்சுக்காதீங்க. நான் பிறந்தது இலங்கை மலைநாட்டுல, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கல்யாணம் கட்டி இங்க வந்து பதினெட்டு வருஷம். எங்க லயத்துக்கும் உங்க லயத்துக்கும் தகரக் கூரைகூட ஒரே மாதிரிதான்.

நாட்டை ஆள வர்றவருக்கு இன்னொரு நாட்டு பாஸ்போர்ட் இருக்கக்கூடாது. இதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. எங்க நாட்டுல 2015ல 19ஆவது திருத்தம் வந்துச்சு. இரட்டைக் குடியுரிமை உள்ளவங்க ஜனாதிபதியாவும் வர முடியாது, பாராளுமன்றத்துக்கும் வர முடியாதுன்னு சொன்னது அதுதான். கீதா குமாரசிங்கன்னு பேர் போன சிங்கள நடிகை, காலி மாவட்டத்துல ஜெயிச்சு எம்பி ஆனவங்க. சுவிட்சர்லாந்துக் குடியுரிமையும் இருந்ததால 2017ல கோர்ட்டு தீர்ப்புல பதவி போயிட்டுது. ஜனம் ஓட்டுப் போட்டும் நிக்கல. 2024 மே மாசம் டயானா கமகேக்கும் அதே கதிதான். ராஜாங்க அமைச்சரா இருந்தவங்க. பிரிட்டிஷ் பிரஜைன்னு சொல்லி உச்ச நீதிமன்றம் இறக்கிட்டுது.

கோத்தபாய ராஜபக்ச அமெரிக்கக் குடியுரிமை எடுத்தவர். அதைத் துறந்துட்டுத்தான் 2019 தேர்தல்ல நின்னார். முறையாத் துறக்கலன்னு வழக்குப் போட்டாங்க, தள்ளுபடி ஆகிட்டுது. 52 சதவீதத்துக்கு மேல எடுத்து ஜெயிச்சார். 2020ல 20ஆவது திருத்தம் போட்டு இரட்டைக் குடியுரிமைக்குக் கதவைத் திறந்துவிட்டாங்க, அவர் தம்பி பசில் அந்த வழியா வந்து நிதி அமைச்சர் ஆனார். 2022 ஜூலையில ஜனம் பொங்குனப்ப கோத்தபாய மாலத்தீவுக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர் போய் ராஜினாமா பண்ணினார். அந்த வருஷ அக்டோபர்ல 21ஆவது திருத்தம் வந்து மறுபடி கதவைச் சாத்துனாங்க. அந்த நாள்ல எங்க அம்மா மண்ணெண்ணெய் வரிசையில விடிய விடிய நின்னுட்டு எனக்குப் போன் பண்ணும். கஷ்டம் வந்தா ஏறிப் போக வேற இடம் இல்லாத ஆள்தான் எங்களை ஆளணும்னு அன்னிக்கு நான் முடிவு பண்ணினேன்.

ஆனா பிறந்த இடத்தை வச்சு ஒருத்தனைத் தள்ளுறது வேற. அதைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு எங்க தோட்டத்து ஜனத்தை நாடில்லாதவங்க ஆக்குனாங்க. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு தலையை எண்ணிப் பிரிச்சாங்க. எங்க பெரியப்பா குடும்பம் தலைமன்னார்ல கப்பல் ஏறிப் போனதுதான், நான் அவங்க முகத்தைப் பார்த்ததே இல்ல. மிச்சம் இருந்தவங்களுக்கெல்லாம் தீர்வு வர 2003 வரைக்கும் ஆச்சு.

ஒண்ணு சொல்லிக்கொடுங்க தம்பிக்கு. எம்ஜிஆர் பிறந்தது 1917ல, எங்க ஹட்டனுக்குக் கீழ நாவலப்பிட்டியில. கண்டியில இருந்து ரயில்ல வந்தா அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் ஹட்டன். அந்தப் பிள்ளை 1977ல தமிழ்நாட்டு முதலமைச்சர். நீ எந்த ஊர்ல பிறந்தேன்னு தமிழ்நாட்டு ஜனம் ஓட்டுப் பெட்டியில கேட்கல.

தையல்கடை, சுங்கை சிப்புட்

தம்பி, கோவம் ஒண்ணும் இல்ல. படிச்சுட்டு மிஷினை நிறுத்திட்டு உக்காந்துட்டேன். உங்க அம்மா மண்ணெண்ணெய் வரிசையில நின்னதைச் சொன்னீங்களே, அதுக்கு எதிரா நான் என்ன சொல்ல முடியும்? இன்னொரு பாஸ்போர்ட்டை விட்டுட்டு வான்னு கேட்குறது நியாயம்தான். அது மனுஷன் கையில இருக்குற விஷயம். வேணும்னா விடலாம், வேணாம்னா வச்சுக்கலாம். ஆனா எந்த லயத்துல எந்த மருத்துவச்சி கையில பிறந்தோங்கிறது யாரு கையில இருக்கு? மகனை இந்த ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுப் பேசச் சொல்லியிருக்கேன். 'ஆகலாம்' கட்சியில நின்னாலும் உங்க பக்கத்து நியாயத்தை ஒத்துக்கிட்டே பேசட்டும்.

இன்னொண்ணும் கேட்கணும். ஒரு ஆளைத் தடுக்கிறதுக்குன்னே சட்டம் எழுதுறாங்களா? மியன்மார்ல ஆங் சான் சூச்சிக்கு அப்படித்தான் நடந்துச்சுன்னு கடைக்கு வந்த ஒரு டீச்சர் சொன்னாங்க.

பந்துக்காரன், சுங்கை சிப்புட்

உண்மைதான்க்கா. 2008ல எழுதுன மியன்மார் அரசமைப்புல 59ஆவது பிரிவு. கணவனோ மனைவியோ பிள்ளைகளோ வெளிநாட்டுக் குடிமக்களா இருந்தா அதிபராக முடியாது. சூச்சி கணவர் பிரிட்டிஷ்காரர், ரெண்டு மகன்களும் பிரிட்டிஷ் குடிமக்கள். 2015ல அமோகமா ஜெயிச்சும் அந்தம்மா அதிபராக முடியல. தின் சோ அதிபரானார், அவங்களுக்கு அரசு ஆலோசகர்னு புதுப் பதவி. ஜாம்பியாவுல 1996ல பெத்தவங்க ரெண்டு பேரும் ஜாம்பியாக்காரங்களா இருக்கணும்னு விதி போட்டாங்க. 27 வருஷம் ஆண்ட கென்னத் கவுண்டாவோட பெத்தவங்க மலாவிக்காரங்க, அவரால நிக்க முடியாமப் போச்சு.

நான் பந்துப் பைத்தியம், அதனால ஜார்ஜ் வேயாவைச் சொல்லாம விட மாட்டேன். 1995ல உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர். 2005ல லைபீரியா அதிபர் தேர்தல்ல நின்னப்ப, பிரெஞ்சுக் குடியுரிமை வாங்குனவர்னு எதிர்ப்பு வந்துச்சு. நிக்க விட்டாங்க, தோத்தார். 2018 ஜனவரியில அதிபரா பதவி ஏத்தார். பாட்டுக்காரர் வைக்லெப் ஜானுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல. ஹைத்தியில பிறந்தவர், ஒன்பது வயசுல அமெரிக்கா போனவர். 2010ல நிக்க வந்தப்ப, தொடர்ந்து அஞ்சு வருஷம் நாட்டுல குடியிருக்கலன்னு பேரை எடுத்துட்டாங்க.

காஸ்வே பஸ்

அக்கா, நானும் சுங்கை சிப்புட் பொண்ணுதான், தோட்டத்துல வளர்ந்தவ. சிங்கப்பூர்ல நர்ஸ் வேலை, தினமும் ஜொகூர்லேருந்து விடியக்காலை பஸ். உங்க மகனுக்கு நம்ம ஊரு மண்ணுலேருந்தே ஆள் தர்றேன்.

சிங்கப்பூரோட முதல் அதிபர் யூசோப் இஷாக் பிறந்தது எங்க தெரியுமா? நம்ம பேராக் மாநிலத்துல, தைப்பிங் பக்கம், 1910ல. மூணாவது அதிபர் தேவன் நாயர் 1923ல மலாக்காவுல பிறந்தவர். அவங்க அப்பா ரப்பர் தோட்டத்துல கிராணி. தாப்பா ஐயா படிச்சா சந்தோஷப்படுவார். 1964ல நம்ம பங்சார் தொகுதியில ஜெயிச்ச எம்பியும் அவர்தான். தொழிற்சங்கத்துல வளர்ந்து 1981ல அதிபரானார். ஒரு கிராணி மகன் இஸ்தானாவுல, அதிபர் மாளிகையில.

சிங்கப்பூர்ச் சட்டம் இன்னிக்கும் எங்க பிறந்தேன்னு கேட்கல. குடிமகனா இருக்கணும், 45 வயசு ஆகணும், மொத்தம் பத்து வருஷமாவது குடியிருந்திருக்கணும், எந்தக் கட்சியிலயும் உறுப்பினரா இருக்கக்கூடாது. ஆனா கதவு வேற இடத்துல இருக்கு அக்கா. அமைச்சர், தலைமை நீதிபதி, சபாநாயகர் மாதிரி பெரிய பதவி வகிச்சிருக்கணும். தனியார் துறைன்னா பங்குதாரர் பணம் சராசரியா 50 கோடி சிங்கப்பூர் வெள்ளி இருக்குற கம்பெனியைத் தலைமையில இருந்து நடத்தியிருக்கணும். 2016ல இந்த விதியை இறுக்குனாங்க. தர்மன் சண்முகரத்னம் அமைச்சரா இருந்தவர், அந்த வழியில வந்து 2023ல 70.4 சதவீதம் எடுத்தார். தொழிற்சங்கத் தலைவர்ங்கிற பதவி அந்தப் பட்டியல்ல இல்ல. தேவன் நாயர் மாதிரி ஒருத்தர் இன்னிக்கு வந்தா நேரா உள்ள போக முடியாது. பிறப்பைக் கேட்காத சட்டம்னு நான் புகழ மாட்டேன், அது இன்னொண்ணைக் கேட்குது.

உங்க அம்மாயி கதையைப் படிச்சதும் எனக்கு வேற ஒருத்தங்க ஞாபகம் வந்தாங்க. எங்க வார்டுல பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தங்க இருக்காங்க, ராத்திரி ஷிப்ட்ல அவங்கதான் சொன்னாங்க. 1968ல இலோய்லோவுல ஒரு தேவாலயத்துல, தீர்த்தத் தொட்டியில ஒரு பச்சைக் குழந்தை கிடந்திருக்கு. பெத்தவங்க யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அந்தப் பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்தது பெர்னாண்டோ போ ஜூனியரும் சூசன் ரோசஸும், அங்க ரெண்டு பேருமே பெரிய சினிமா நட்சத்திரங்க. அவர் 2004ல அதிபர் தேர்தல்ல நின்னப்ப, தாய் அமெரிக்கர்னு வழக்குப் போட்டாங்க. கோர்ட்டு நிக்க விட்டது, தேர்தல்ல தோத்தார். அப்புறம் மகளோட முறை. கிரேஸ் போ 2001ல அமெரிக்கக் குடியுரிமை எடுத்து, பின்னாடி அதைத் துறந்து, செனட்டர் ஆகி, 2016ல அதிபருக்கு நின்னாங்க. அங்க பிறப்பால் குடிமக்களா இருக்கணும், பத்து வருஷம் குடியிருக்கணும். பெத்தவங்களே தெரியாதவ எப்படிப் பிறப்பால் குடிமகள்னு தேர்தல் ஆணையம் பேரைத் தள்ளிடுச்சு. 2016 மார்ச் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 9க்கு 6ன்னு அவங்க பக்கம் தீர்ப்பு சொன்னது. அந்த ஊர்ல, அந்தக் காலத்துல, அந்த முகஜாடையில பிறந்த குழந்தை பிலிப்பைன்ஸ் பெத்தவங்களுக்குத்தான் பிறந்திருக்கும்னு புள்ளிவிவரத்தை வச்சு ஏத்துக்கிட்டாங்க. தேர்தல்ல மூணாவதா வந்தாங்க. அது வேற விஷயம்.

பத்திரம் இல்லாத பிள்ளையைப் பார்த்து, 'நீ இந்த ஊருக்காரி'ன்னு ஒரு கோர்ட்டு சொல்லியிருக்கு அக்கா. அந்த நர்ஸ் இதைச் சொன்னப்ப கண்ணுல தண்ணி. அவங்க ஓட்டு போவுக்கு இல்லயாம், ஆனாலும் அந்தத் தீர்ப்பு வந்த அன்னிக்கு அழுதாங்களாம்.

பழைய கிராணி, தாப்பா

தேவன் நாயரைச் சொன்ன மகளுக்கு நன்றி. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டேன். நம் நாட்டில் அதிபர் கிடையாது. மாமன்னரை ஒன்பது மலாய் ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஐந்து ஆண்டுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் கேள்வி பிரதமருக்குத்தான் பொருந்தும். கூட்டரசு அரசமைப்பின் 43ஆவது பிரிவில் 7ஆம் உட்பிரிவு சொல்வது இது. இயல்புரிமை பெற்று, அதாவது வெளிநாட்டவராக இருந்து விண்ணப்பித்துக் குடிமகன் ஆனவரையும், 17ஆவது பிரிவின்கீழ் பதிந்து குடிமகன் ஆனவரையும் பிரதமராக நியமிக்கக்கூடாது.

இப்போது கவனமாகப் படியுங்கள், அம்மா. 17ஆவது பிரிவு வெளியே பிறந்து இங்கு வந்து குடியேறியவர்களுக்காக எழுதியது, இப்போது நீக்கப்பட்டுவிட்டது. மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முன் இந்த மண்ணிலேயே பிறந்தவர்களுக்கு 16ஆவது பிரிவு. ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், ஓரளவு மலாய் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப் பதிந்தவரை 43ஆவது பிரிவு தடுக்கவில்லை. மெர்டேக்கா நாளுக்குப் பின் 1962 செப்டம்பர் வரை இங்கு பிறந்தவர்களோ பதியவே தேவையில்லாமல் குடிமக்கள். அதனால்தான் 1961ல் பிறந்த உங்கள் அம்மாவுக்கு நீல ஐசி.

உங்கள் அம்மாயி 16ஆவது பிரிவு ஆள். அவர் பதிந்திருந்தால், இந்த நாட்டின் பிரதமர் பதவிக்கே பிறப்பின் பேரில் அவரைத் தடுக்க சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. சட்டம் அவரை வெளி ஆள் என்று எழுதவேயில்லை. இங்கு பிறந்ததைக் காட்ட ஒரு தாள் இல்லாமல் போனதுதான். அந்தத் தாள் எங்களைப் போன்ற கிராணிகள் கையில் இருந்தது. தோட்டம் கைமாறும்போது ஏடுகளைக் கட்டுக்கட்டாக எரித்ததை நானும் நின்று பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு அது குப்பை. இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

தையல்கடை, சுங்கை சிப்புட்

ஐயா, நீங்க எழுதுனதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ரெண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னாங்க. "அப்ப சட்டத்துல எங்கம்மா இருந்திருக்காங்களா"ன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. எரிக்கச் சொன்னது நீங்க இல்ல.

மகன் நேத்து ராத்திரி பேச்சை எழுதி முடிச்சுட்டான். தொடக்கத்துல ஜான் ஜே கடிதம், நடுவுல கிரேஸ் போ, ஹட்டன் தம்பி சொன்ன பாஸ்போர்ட் நியாயத்தை ஒத்துக்கிட்டு ஒரு பத்தி, கடைசியில 16ஆவது பிரிவு. அர்னால்டுக்கு ரெண்டே வரிதான் மிஞ்சுச்சு.

மேடையில காட்ட அம்மாயியோட ஐசி வேணும்னு கேட்டான். அசலை இறப்பைப் பதியும்போதே வாங்கிக்கிட்டாங்க. ரொட்டி டின்னுல போட்டோகாப்பி ஒண்ணு இருந்துச்சு, ஓரமெல்லாம் மஞ்சளாகி. கறுப்பு வெள்ளைக் காப்பி, அதுல சிவப்பு தெரியல. அவன் அதைத் தையல் மேசை விளக்கடியில வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தான். அப்புறம் பையிலேருந்து தன்னோட ஐசியை எடுத்துப் பக்கத்துல வச்சு, என்னைக் கூப்பிட்டான்.

"அம்மா, இங்க பாருங்க."

நம்பரோட நடு ரெண்டு எண்ணு பிறந்த மாநிலம். அவனோடதுல 08, பேராக். காப்பியில அவன் விரல் வச்ச இடத்தைக் குனிஞ்சு பார்த்தேன். அதுலயும் 08.